மாவிளக்குப் போட்ட செவ்வாய்க்கிழமை

கீரமங்கலம் பக்கத்தில் பிறந்துவிட்டுப் பலாப்பழம் வேண்டாம் என்று சொல்பவளை யாரும் நம்புவதில்லை. எங்கள் பக்கம் ஆனி மாதத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் தண்ணீர் தருவதற்கு முன்பே சுளையைத் தருவார்கள். மாமியார் வீட்டில் எனக்கு அது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையான காரணம் அப்பாவின் மூத்திர டியூப். இதை ஒரு மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. அப்பா குவைத்தில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். என்னைப் பொறுத்தவரை அப்பா என்பவர் வெள்ளிக்கிழமை போனில் பேசும் ஒரு குரல். அப்புறம் ஒரு பெரிய பெட்டி, அதற்குள் சோப்பு, தைலம், பூப்போட்ட போர்வை. அவர் வந்த முதல் வாரம் 'அப்பா' என்று கூப்பிட எனக்கு வாய் வராது, 'இந்தாங்க' என்றுதான் சொல்வேன். கூச்சம் தெளிந்து நான் அவர் முதுகில் தொங்கப் பழகும்போது அவர் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார்.

அந்த முறை வரும்போதே அவருக்குச் சிறுநீர் போவதில் சிரமம் இருந்தது. வெயிலில் மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டியதால் வந்த வினை என்றாள் அத்தை. அவள் அப்பாவின் அக்கா, அடுத்த வீட்டுக்காரி. டாக்டர் வேறு ஏதோ காரணம் சொன்னார். எங்கள் வீட்டில் அத்தை சொன்னதுதான் நிலைத்தது. சிறுநீர் வரும் பாதை சுருங்கிவிட்டது என்று புதுக்கோட்டையில் ஆபரேஷன் செய்து, டியூப் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து எடுத்துவிடலாம் என்றார்கள். டியூப் எடுத்து, தானாகப் போகிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கையோடு வந்துவிடுகிறேன் என்று அப்பா கம்பெனிக்குப் போனில் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்ட எனக்கு விஷயம் தெளிவாகப் புரிந்தது. டியூப் இருக்கும்வரை அப்பா இருப்பார்.

முதல் சில நாட்கள் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. கைலிக்குள்ளிருந்து வரும் குழாய், கட்டில் சட்டத்தில் கட்டியிருந்த பையில் போய் முடியும். பையில் கோடு போட்டு எண் எழுதியிருக்கும். பாதிக்கு மேல் ஏறினால் அம்மா அடியில் இருக்கும் மூடியைத் திறந்து, ஒரு வாளியில் பிடித்துக்கொண்டுபோய்க் கொட்டுவாள். அது மஞ்சளா சிவப்பா என்று பார்ப்பதும், செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கவைப்பதும் என் வேலை. சில நேரம் அடிவயிறு இழுத்துப் பிடித்து, முட்டுகிறது என்று பல்லைக் கடிப்பார். அதுதான் குழாய் இருக்கிறதே, எப்படி முட்டும் என்று கேட்டேன்.

"அது வயித்துக்குத் தெரியலையேத்தா" என்றார்.

பார்க்க வருகிறவர்கள் ரொட்டியும் ஆரஞ்சுமாக வருவார்கள். நலம் விசாரிக்கும்போதே கண் பைக்குப் போய்விடும். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் அம்மா ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பையை எடுத்து, அதற்குள் மூத்திரப் பையை இறக்கிக் கட்டிலில் மாட்டினாள். மணமக்கள் பெயரும், அதன் கீழே 'தங்கள் நல்வரவுக்கு நன்றி' என்ற வரியும் வெளியே தெரிந்தன. அதற்குப் பிறகு வந்தவர்கள் யார் வீட்டுக் கல்யாணம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும், உயர்த்தினால் வந்தது திரும்ப உள்ளே போகும் என்றும் சொல்லியிருந்தார். அம்மா தூக்கிக்கொண்டு கூட நடந்தால் அப்பாவுக்கு வெட்கம். என் உயரம் அந்த வேலைக்குச் சரியாக இருந்தது. காலையிலும் மாலையிலும் தென்னந்தோப்பு வரை அவர் நடப்பார், மஞ்சப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நான் நடப்பேன். குழாய் ஒன்றும் அவ்வளவு நீளமில்லை. நான் வேலியோரம் பூப் பறிக்க நின்றால் அவரும் நின்றாக வேண்டும். அதுவரை அப்பா எனக்காக நின்றதே கிடையாது. என்னை விட்டு இரண்டு எட்டு தள்ளிப் போக முடியாத அப்பா எனக்குக் கிடைத்திருந்தார்.

ஒருமுறை டீக்கடைவரை போனோம். பாவம், பிள்ளை சுமக்கிறதே என்று கடைக்காரர் என் கையிலிருந்து பையை வாங்கித் தலைக்கு மேலே ஆணியில் மாட்டப் போனார். நான் விடவில்லை. இரண்டு கையாலும் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி என்ன புதையல் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அப்பா சிரித்த சிரிப்பில் தையல் வலித்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவும் அந்த நாட்களில் வேறு ஆளாக இருந்தாள். லீவில் அப்பா வரும்போதெல்லாம் விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல நின்றுகொண்டே இருப்பாள். இப்போது ரசத்தையும் சோற்றையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்புக்கு அவர் குறை சொன்னால் பதிலுக்குச் சண்டை போட்டாள். கடலைச் செடியை வாசலில் குவித்து மூன்று பேரும் காய் ஆய்ந்தோம்.

செவ்வாய்க்கிழமை தோறும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போவாள். மாவிளக்குப் போடுவதாக நேர்ந்திருக்கிறேன் என்று ஒருநாள் அத்தையிடம் சொன்னாள். டியூப் எடுத்துத் தம்பி நல்லபடியாகக் குவைத்துக்குப் போய்ச் சேருவான், ஆத்தா கைவிட மாட்டாள் என்றாள் அத்தை. அம்மா திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

எனக்குக் கோபமாக வந்தது. மாவிளக்குக்கு எதிராக என்னிடம் என்ன இருக்கிறது? யோசித்து யோசித்து, அந்த வருடம் பலாச்சுளையைத் தொட மாட்டேன், டியூப் அப்படியே இருக்க வேண்டும் என்று அதே அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். எங்கள் கொல்லை மரத்தில் அடியிலிருந்தே காய்த்துத் தொங்கியது, வீடெல்லாம் மணத்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். பிள்ளைக்கு என்ன வந்தது, தாயத்துக் கட்டலாமா என்று அத்தை யோசித்தாள்.

மூன்றாம் வாரம் டியூபை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் போனதாம். வீட்டுக்குப் போங்கள், அடைத்துக்கொண்டால் உடனே வந்துவிடுங்கள் என்று அனுப்பினார்கள். பஸ்ஸில் திரும்பி வந்தபோது அப்பா வெறுங்கையை வீசிக்கொண்டு இறங்கினார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரால் உட்கார முடியவில்லை. எழுந்தார், நடந்தார், கொல்லைக்குப் போனார், வெறுமனே திரும்பி வந்தார். அடிவயிறு புடைத்துக் கல்லாகிவிட்டது. வேர்வையில் பனியன் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வரும் என்று அம்மா என்னைக் குழாயைத் திறந்துவிடச் சொன்னாள். நான் திறந்துவிட்டு நின்றேன். வாளி நிரம்பி வழிந்தது, அப்பாவுக்கு ஒரு சொட்டு வரவில்லை. சுவரில் நெற்றியை வைத்து, "முடியலடி, என்னால முடியல" என்று அம்மாவிடம் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

இது யார் செய்த வேலை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கொல்லைக்கு ஓடினேன். அத்தை அறுத்து வைத்திருந்த பழத்திலிருந்து கையில் அகப்பட்ட சுளையைப் பிய்த்து வாயில் திணித்தேன். மெல்லாமல் விழுங்கினேன். வேண்டுதலை முறித்துவிட்டேன், விட்டுவிடு ஆத்தா, விட்டுவிடு ஆத்தா என்று அழுதுகொண்டே அடுத்ததையும் தின்றேன். பால் பிசின் கை, வாய், பாவாடை எல்லாம் ஒட்டிக்கொண்டது. ஊரில் இருந்த ஒரே வாடகைக் காரில் அப்பாவை ஏற்றும்போது நான் தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது. அந்தக் களேபரத்தில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

இருட்டும் முன்பே திரும்பி வந்துவிட்டார்கள். அப்பா தெளிந்த முகத்தோடு இறங்கினார். கையில் புதுப் பை, கைலிக்குள்ளிருந்து புதுக் குழாய். இன்னும் மூன்று வாரம் என்றார்கள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் மறுநாள் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏன் பேசாமல் வருகிறாய் என்று கேட்டார். நான் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா பச்சரிசி ஊறவைத்து இடித்தாள். வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி செய்து, நெய்யும் திரியும் இட்டு, கோயிலில் மாவிளக்குப் போட்டாள். அவ்வளவு நேரம் அவள் கும்பிட்டு நான் பார்த்ததில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். காரியம் முடியாமலே நேர்த்தி செலுத்துகிறாளே என்று அத்தைக்கு ஆறவில்லை. வீட்டில் மாவைத் தின்றுகொண்டே அப்பாவும் கேட்டார், அதற்குள் என்ன மாவிளக்கு என்று.

"நாள் நல்லாருந்துச்சு" என்றாள் அம்மா. அவர் தட்டில் இன்னொரு உருண்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த மூன்று வாரமும் பறந்துபோனது. இரண்டாவது முறை டியூபை எடுத்தபோது எந்தத் தடங்கலும் இல்லை. அப்பா கொல்லையில் தென்னை மரத்தடியில் நின்றுகொண்டு, வருகிறது வருகிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். சரி சரி என்றாள், தலையை நிமிர்த்தவில்லை. பத்தாம் நாள் பெட்டியோடு கார் ஏறினார். அதன்பிறகு அவர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியபோது எனக்குக் கல்யாணமாகி, நானும் புருஷனை விமானநிலையத்துக்கு அனுப்பி வைக்கிறவளாக ஆகியிருந்தேன்.

அப்பா போன மறுநாள் அம்மா மஞ்சப்பையை அலசிக் கொடியில் காயப்போட்டாள். அப்பாதான் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாரே, காரியம் முடியும் முன்னால் போட்டது கணக்கில் சேராது, அம்மனுக்குக் கடன் வைக்கக் கூடாதே என்று எனக்குக் கவலை.

"மாவிளக்கு எப்பம்மா போடப் போற?" என்றேன்.

"அது அப்பவே போட்டாச்சு" என்றாள். பையின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மா அவசரப்பட்டுவிட்டாள், நாள் தெரியாமல் முன்னாலேயே போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்காக நான் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கோயிலுக்கு, என்னிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும், ஒரே ஒரு வேண்டுதல்தான் போயிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.