ஒரே பறப்புக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவளுக்குக் 'கஞ்சம்' என்று பட்டப்பெயர். பழுது பார்க்க எஞ்சினைத் தரையில் ஓடவிட்ட நேரத்தையும், பக்கத்து இருக்கையில் சும்மா உட்கார்ந்து போன நேரத்தையும் சிலர் லாக்புக்கில் தாங்கள் பறந்த மணிக்கணக்கோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். அவளிடம் அந்த வேலையே கிடையாது.

"சமையலுக்கு உப்பை அள்ளிக் கொட்டுறா. லாக்புக்னா மட்டும் கை வரமாட்டேங்குது" என்று அவள் கணவனே எல்லார் முன்னாலும் கேலி செய்வான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவனும் அதே கம்பெனி விமானிதான். கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய்விட்டு அழைத்துவருவது இருவருக்கும் வேலை. ஒரு மழைக்காலம் முழுக்க அவனுக்கு முதுகுவலி. எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் முறை வந்தபோதெல்லாம், "நீங்க படுங்க, நான் போயிட்டு வர்றேன்" என்று அவள் கிளம்பினாள். முறைப் பட்டியலில் அவன் பெயரே கிடந்தது. மாற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

மறு வருஷம், மீட்புப் பிரிவில் தலைமை விமானி வேலைக்கு அவன் விண்ணப்பித்தான். அதற்குப் பறந்த மணிக்கணக்கு நிறைய வேண்டும். அவளிடம் மூச்சுவிடவில்லை. பாதுகாப்பு அதிகாரி அம்மாள் கூப்பிட்டு இரண்டு லாக்புக்குகளை மேசையில் விரித்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரியும்.

"கால் நசுங்கின ஆளை மேடைலேருந்து கொண்டுவந்த பறப்பு. ரெண்டு பேர் புத்தகத்துலயும் இருக்கு. ஒத்தை ஆள் ஓட்டுற வண்டிம்மா இது. யார் ஓட்டினது?"

"நான்தான் மேடம். அவர் முதுகுவலியோட வீட்ல இருந்தார். ஏதோ தப்பா எழுதியிருப்பார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "தப்பா எழுதினது நீங்கதான்னு அவர் எழுதிக் குடுத்திருக்காரே. அவர் பறந்ததை எல்லாம் நீங்க உங்க கணக்குல ஏத்திக்கிட்டீங்களாம்."

விசாரணை முடியும்வரை இரண்டு பேரும் பறக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று.

வீட்டில் அவன் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

"என்னைத் திருடின்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"நாம ரெண்டு பேரும் வேற வேறயா? முறை என்னுது. உனக்குத்தான் மணி ஏராளமா இருக்கே, கொஞ்சம் விட்டுக்குடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"கேட்டிருந்தா என் நகையைக் கழற்றிக் குடுத்திருப்பேன். பறந்ததை எப்படிங்க குடுக்கிறது? புயல்ல மாட்டினா இல்லாத அனுபவத்தை எங்க போய்த் தேடுவீங்க? பின்னாடி படுத்திருக்கிறவன் அந்தக் கணக்கை நம்பித்தானே ஏறுறான்?"

அவன் அடுத்த சட்டையை எடுத்தான்.

விஷயம் கேள்விப்பட்டு அவள் அக்கா போன் செய்தாள். "என்ன இருந்தாலும் புருஷன்டி. காட்டிக் குடுத்துட்டு அவன் முகத்துல எப்படி முழிப்பே?"

"காட்டிக் குடுத்தது யாருக்கா?" என்றாள். அக்கா போனை வைத்துவிட்டாள்.

விசாரணை நாளன்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். அறை முழுக்க அவள் குரல். காற்றின் வேகம் கேட்டாள், ஆம்புலன்ஸ் தயாரா என்று கேட்டாள். நடுவே, ரேடியோ பொத்தானை விடாமலே, "இதோ வந்துட்டோம்ணா, கண்ணை மூடாதீங்க" என்று பின்னால் கிடந்தவனுக்குத் தைரியம் சொன்னாள். அவன் முனகுவதும் கேட்டது. அப்படிச் சொன்னது அவளுக்கே மறந்துபோயிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கணவன் கடைசிவரை தலை நிமிரவில்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

அந்த மழைக்காலத்தின் மற்றப் பறப்புகளிலும் அவள் குரலே இருந்தது. அவன் உரிமத்தைப் பறித்தார்கள். அவன் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

மீட்புப் பிரிவு வேலையை அவளுக்கே தருவதாகக் கம்பெனி சொன்னது. "இப்போ வேண்டாம் மேடம்" என்று சொல்லிவிட்டு, பழைய வழித்தடத்திலேயே ஓட்டினாள். அவன் அனுப்பிய ஒரே செய்தி, "நீ இவ்வளவு தூரம் போவேன்னு நினைக்கல" என்பது. அதைப் பலமுறை படித்தாள். மற்றவர் இவ்வளவு தூரம் போவார் என்று நினைக்காமல் இருந்தது அவனா, தானா என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை.