ஒரு குட்டைச் செடியின் வம்சம்

ஹெலிகாப்டர் இரைச்சல் கேட்டால் லொரீனுக்குப் பயம். வடக்குக் கலிபோர்னியா மலையில் கஞ்சா பயிரிடுகிற யாருக்குத்தான் பயமில்லை? மற்றவர்கள் செடியெல்லாம் கொடிக்கம்பம் மாதிரி நெட்டையாக நின்று, "நான் இங்கேதான் இருக்கேன்" என்று போலீசைக் கூப்பிடும். லொரீன் புத்திசாலி. வருஷா வருஷம் நெட்டையைக் கழித்துவிட்டு, கணு நெருங்கி, பக்கக்கிளை விட்டுப் புதராய்ப் படர்ந்ததில் மட்டும் விதை எடுத்தாள். அவள் செடி இடுப்புக்கு மேல் வளராது. மேலிருந்து பார்க்கிறவன் ஏதோ காட்டுப்புதர் என்று போய்விடுவான்.

இந்த வருஷம் வந்தது வினை. எலி தின்றது போக ஆண் செடி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. ஆண் செடியைக் கண்டதும் பிடுங்கிவிட வேண்டும் என்பது மலையில் எல்லோருக்கும் பொதுவான பேச்சு. அதன் மகரந்தம் காற்றில் பறந்தால் அக்கம்பக்கத்துப் பெண் பூவெல்லாம் விதை பிடித்துவிடும், அந்தச் சரக்கை ஒருவரும் சீண்ட மாட்டார்கள். கீழ்ச்சரிவில் தோட்டம் போட்டிருக்கும் வேர்னிடம், பிடுங்கியாயிற்று என்று லொரீன் கூசாமல் பொய் சொல்லியிருந்தாள். வேறென்ன செய்வாள்? அது போனால் வம்சமே போச்சு. கைவசம் பழைய விதைகூடக் கிடையாது.

அன்று காலை ஹெலிகாப்டர் வந்து சுற்றிவிட்டுப் போனது. அவள் தோட்டம் தப்பித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆண் செடியின் மொட்டுகள் வெடிக்கத் தயாராக இருந்தன. காற்றோ கீழ்ச்சரிவுப் பக்கம். அந்த நேரம் பார்த்து வேர்னின் ஜீப் மேட்டில் ஏறும் சத்தம்.

எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான் என்று நினைத்தாள். போன வருஷம் இதே விஷயத்துக்காக ஒருவன் தோட்டத்தையே வெட்டிச் சாய்த்தவன் வேர்ன். செடியை அடியோடு வெட்டி, வீட்டுக்குள் கொண்டுபோய், எரிகிற அடுப்பில் திணித்துக் கதவைச் சாத்தினாள்.

வேர்ன் கத்தவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போலீஸ்காரனுங்க என் செடி எல்லாத்தையும் வெட்டி வலையில கட்டித் தூக்கிட்டுப் போய்ட்டானுங்க, லொரீன். ஒண்ணு விடல. உன்னோடது மட்டும்தான் அவனுங்க கண்ணுல படல."

லொரீன் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஆண் செடி ஒண்ணை ஒளிச்சு வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். சண்டைக்கு வரல. இனிமே என்கிட்ட கெட்டுப்போறதுக்கு என்ன இருக்கு? அது நல்லாப் பூக்கட்டும். அடுத்த வருஷத்துக்கு எனக்கும் ஒரு கை விதை குடு."

பச்சைத் தண்டு எரிகிற நாற்றம் வாசல்வரை வந்தது. வேர்ன் மெல்லத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"உன் ஜீப் சத்தம் கேட்டுத்தான் வெட்டினேன்" என்றாள் லொரீன்.