மாமா கேட்ட விசாரணை

சிறைச்சாலைப் பார்வையாளர் கூடத்தின் கம்பிவலைக்கு அப்பால் மாமா வந்து நின்ற அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. விடுதலைக்கு ஒரு மாதமே இருந்தது. அவர் வெளியே வந்து அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய மகளுக்கு நிக்காஹ் என்று நாள் குறித்து, அந்தச் செய்தியோடுதான் மாமியும் நானும் சாய்ந்தமருதில் பஸ் ஏறியிருந்தோம். மாமாவின் முகமோ செத்துப்போயிருந்தது.

அவர் படுக்குமிடத்துக்கு மேலே தொங்கிய பையில் ஒரு கைபேசி அகப்பட்டதாம். பலர் நெருக்கியடித்துப் படுக்கும் கூடம் அது. மறுநாளே உள்ளுக்குள் விசாரணை வைத்துவிட்டார்கள், எல்லாம் சிங்களத்தில். குற்றச்சாட்டே அவருக்கு அரைகுறையாகத்தான் விளங்கியிருக்கிறது. ஒத்துக்கொண்டால் எச்சரிக்கையோடு முடியும், குறித்த நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று ஓர் அதிகாரி உடைந்த தமிழில் சொல்லியிருக்கிறார். மாமா கையெழுத்து வைக்கவில்லை. எனக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள், பக்கத்தில் படுத்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று நின்றுவிட்டார். அந்த மனிதரை அதற்குள் வேறு சிறைக்கு மாற்றியிருந்தார்கள். விசாரணை முடியும்வரை விடுதலை இல்லை.

மாமி வலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஓம் எண்டு சொல்லிட்டு வாங்களன். மகள்ர நிக்காஹ் இரிக்கி."

"தோணியடிச் சண்டையில அந்தாளுக்கு அடிச்சது நான்தான். அத கோர்ட்டுல ஒத்துக்கிட்டுத்தான் இஞ்ச வந்த. செய்யாததையும் செஞ்ச எண்டு சொன்னா, அண்டைக்கு நான் சொன்ன உண்மைக்கு என்ன பெறுமதி?" என்றார் மாமா.

நான் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்கிறவள். அதிகாரியைச் சந்தித்து, நானே மொழிபெயர்க்கிறேன் என்றேன். உறவினருக்கு அனுமதியில்லை என்றார். கெட்ட மனிதரல்லர், களைத்திருந்தார். "இது நீதிமன்றமல்ல, டீச்சர்" என்று மட்டும் சொன்னார். மாமாவின் வழக்கைப் பார்த்த சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளரையும் சாட்சியையும் கேட்டுச் சிறைக்கு எழுதினார். பதில் வரக் காத்திருந்தோம். பிறகு பதிலுக்குப் பதில் எழுதிவிட்டுக் காத்திருந்தோம்.

நிக்காஹ் குறித்த நாளிலேயே நடந்தது. மாமாவின் சம்மதத்தோடு அவருடைய தம்பி வலியாக, மணமகளின் பொறுப்பாளராக, இருந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார்.

பல வாரங்களுக்குப் பிறகு மொழிபெயர்ப்பாளரும் வந்தார், பக்கத்தில் படுத்த அந்தச் சாட்சியும் வந்தார். பையில் கைபேசியை வைத்தவர் வேறொருவர் என்று சாட்சி சொன்னார். அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று மாமாவுக்குத் தமிழிலேயே சொன்னார்கள்.

கைதிக்கும் தன் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு என்று இன்று யாராவது கதைத்தால், உண்டுதான் என்கிறேன். அதற்குமேல் கதைக்க எனக்குத் தெம்பில்லை.

மாமா வெளியே வந்த அன்று நாங்கள் மூவரும் பஸ்ஸில் ஒரே சீற்றில் இருந்தோம். "நீங்க சொன்னதுதான் சரி, மாமா" என்றேன். அவர் மாமியின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நிக்காஹ் அண்டைக்குப் புள்ள சாப்பிட்டாளா?"

"எங்க சாப்பிட்ட? நீங்க வரமாட்டீங்க எண்டு தெரிஞ்சும் வாசலையே பாத்துட்டு இரிந்தாள்."

மாமா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.