கயிறு பிடிக்கும் காய்

போர் விளையாட்டுக்கு விதி எழுதுவதும் துண்டறிக்கை எழுதுவதும் ஒன்றுதான்: வாசிப்பவர்கள் குறைவு, சண்டைக்கு வருபவர்கள் அதிகம். தூத்துக்குடித் துறைமுகத் தொழிலாளர்களுக்காக ஆயுசு முழுக்கத் துண்டறிக்கை எழுதியவன் நான். என் படிப்பும் அதுதான். இப்போது ஜெசி டீச்சர் தயாரிக்கும் பலகை விளையாட்டுக்கு விதி எழுதுகிறேன். முத்துக் கடற்கரைக்காகப் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் போட்ட சண்டைதான் ஆட்டம். நாலு பேரை உட்காரவைத்து ஒரு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து நொந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

காற்று இல்லாத சுற்று

பாய்மரக் கப்பல் காற்றில்லாமல் நகராது. அதனால் காற்றுச் சீட்டு வரும்வரை கப்பல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று எழுதினேன். முதல் ஆட்டத்திலேயே ஆறு சுற்றுக்குச் சீட்டு வரவில்லை. சரித்திரம் அப்படித்தான் என்று விளக்கினேன். கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து சட்டையை உதறிக்கொண்டார்.

“அண்ணாச்சி, கப்பல் நகரலன்னு பாக்கத்தான் நான் தெனமும் வேலைக்குப் போறேன். ஞாயித்துக்கிழமையுமா?”

மச்சான் விதி

முத்துக் குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவன். தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. ஆட்டத்திலும் மச்சான் காய்தான் கயிறு பிடிக்க வேண்டும், எதிரி கோட்டையை முற்றுகையிடும்போது தன் அரிசி மூட்டையை அவன் குளிப்பவனுக்குக் கொடுக்கலாம் என்று எழுதினேன். எந்தக் காய் பிடித்தாலும் ஆட்டம் வேகமாகப் போகுமே என்றார் ஜெசி டீச்சர். நான் மசியவில்லை. ஆட வந்திருந்த புன்னைக்காயல் பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள்.

“எங்க அண்ணனா? அவரு எங்க வீட்டுக்காரரு போன் பண்ணினாலே எடுக்க மாட்டாரு!”

எந்தப் புத்தகத்திலும் இல்லாதது

முற்றுகையில் பசி தாங்காமல் எதிரியிடம் அரிசி வாங்கும் காயைப் பலகையை விட்டே எடுத்துவிட வேண்டும், திரும்பச் சேர்க்கக் கூடாது. இதையும் நான்தான் எழுதினேன். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று டீச்சர் கேட்டார். எதிலும் இல்லை. என் பழைய துண்டறிக்கை ஒன்றில் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சரித்திரம் கசக்கத்தான் செய்யும் என்று சொல்லி அச்சுக்கு அனுப்பினேன். டீச்சர் விடவில்லை.

“கசப்பு இருக்கட்டும் சார். வெளிய போனவன் மிச்ச ஆட்டம் முடியிற வரைக்கும் என்ன செய்வான்?”

மாப்பிள்ளை வந்த நாள்

என் தங்கை ரோசம்மாளின் கணவர் சவரிமுத்து. ஒரு நீண்ட வேலைநிறுத்தத்தில் நிவாரண அரிசி பங்கிடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. சொந்தக்காரனுக்கு முதலில் கொடுத்தான் என்ற பேர் வரக்கூடாது என்று தங்கை வீட்டைக் கடைசியில் வைத்தேன். கடைசி வீட்டுக்கு வரும்முன் மூட்டை காலி. அவர் மகள் காய்ச்சலில் கிடந்தாள். மறுநாள் அவர் வேலைநிறுத்தத்தை மீறித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். நான் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, “துரோகி, திரும்பச் சேர்க்கக் கூடாது” என்று ஊரெல்லாம் கொடுத்தேன். அதன்பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை.

போன மாதம் ரோசம்மாள் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். “பேச வேண்டாம்ணே, ஒரு ஆட்டம் சேந்து ஆடுங்க, அது போதும்” என்றாள். அவர் குளிப்பவர், நான் கயிறு. முற்றுகை வந்தது. என்னிடம் மூன்று மூட்டை அரிசி இருந்தது. கடைசிச் சுற்றில் கோட்டையைக் காக்க உதவும் என்று வைத்துக்கொண்டேன். சத்தியமாக வேறொன்றும் நினைக்கவில்லை. அவர் எதிரியான டச்சுக்காரரிடம் அரிசி வாங்கினார். பிறகு யாரும் சொல்லாமலே தன் காயை எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்தார்.

“இது திரும்ப எப்பம் வரும்?” என்று கேட்டார்.

“வராது.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“கயிறும் உங்க கையில, அரிசியும் உங்க கையில. அன்னைக்கும் அப்படித்தான மச்சான்.”

வெளியே போன காய் அடுத்த சுற்றில் திரும்பலாம் என்று திருத்தச் சீட்டு அடித்து, மறுநாளே எல்லாப் பெட்டியிலும் என் கையாலேயே ஒட்டிவிட்டேன். நான் எழுதியதிலேயே சின்னத் துண்டறிக்கை அதுதான், ஊர் முழுக்கக் கொடுத்துப் பழகிய எனக்கு அதை ஒரே ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் இன்னும் கால் எழவில்லை.