மவுசை விடாத கோடு

நேற்றிலிருந்து என் மவுசுக்கு ஏதோ கோளாறு. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவையாக எடுத்துக்கொள்கிறது. புதிதாக ஒன்று வாங்கித் தொலையேன் என்பீர்கள். வாங்கலாம். ஆனால் அந்த டக் டக் சத்தம் என்னைத் திண்டிவனத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அங்கே மல்லாட்டை மண்டிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஜன்னலைச் சாத்தினாலும் வேர்க்கடலைத் தோல் வாசனை உள்ளே வந்துவிடும். படத்தில் இருப்பதைச் சுற்றி மவுசால் கோடு போடுவதுதான் வேலை. அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுமாம். மூலைக்கு ஒரு க்ளிக். கடைசிப் புள்ளியிலிருந்து ஒரு மஞ்சள் கோடு மவுசோடு ஒட்டிக்கொண்டே வரும். டபுள் க்ளிக் செய்தால்தான் கோடு மூடும், அடுத்த படம் வரும். ஆரம்பத்தில் இதை மறந்து, ஒரு காரைச் சுற்றப் போய்த் தெருவையே வளைத்துப் போட்டவள் நான்.

கார், நாய், சிக்னல் எல்லாம் முடிந்து, ஒருநாள் மேலிருந்து எடுத்த கூரைப் படங்கள் வந்தன. எதற்கென்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து சீட் ஸ்டெல்லா திடீரென்று சிரித்தாள். அவளுக்குக் கிளியனூர்ப் பக்கம், ஏரிக்கரைத் தெரு.

"யக்கா, இங்க பாருங்க, எங்க வூடு. எங்கப்பா வெளிய கட்டில் போட்டுக்கினு படுத்திருக்காரு."

எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். வழக்கமாகப் படத்துக்குக் கீழே 'வீடு' என்று இருக்கும். இதில் 'ஏரி ஆக்கிரமிப்பு' என்று இருந்தது.

அவள் வீட்டின் மூலைகளில் ஏற்கெனவே க்ளிக் செய்திருந்தாள், டபுள் க்ளிக்தான் பாக்கி. மவுஸ் ஏரிக்குப் போனால் கோடும் ஏரிக்கு வந்தது, கோயிலுக்குப் போனால் கோயிலுக்கு வந்தது.

"சார், இத வுட்டுட்டு வேற படம் எடுத்துக்கட்டுங்களா?"

"நீ வுட்டா வேற யாராவது போடத்தான் போறாங்க. ஜல்தி முடிம்மா," என்றார் சூப்பர்வைசர். கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் உண்டு.

முடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் திரையைத் திறந்தால் அதே படம், அதே கோடு. டீ நேரம் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் டக் டக். அடுத்த படம் வந்தது. அவள் சித்தப்பா வீடு.

மழைக்கு முன்னால் தெருவுக்கு நோட்டீஸ் வந்தது, பிறகு ஜேசிபி வந்தது. எங்கள் கோடுகளால்தானா என்று அப்போது எனக்குத் தெரியாது. வேலையை விட்டுப் போகும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் போட்டேன்னு எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா."

போன வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பாவைப் பார்த்தேன். இப்போது அங்கேதான் வாடகைக்கு இருக்கிறார்களாம்.

"தெருவே இல்லம்மா. கோயில் மட்டும் நிக்குது, பூசைக்கு ஆளில்ல," என்றார். "நோட்டீஸ்ல எங்க வூட்டுப் படத்தப் பாத்தேன். பின்னால தாழ்வாரம் எறக்கியிருந்தேன் பாரு, அது வரைக்கும் அவ்ளோ சுத்தமா கோடு போட்டிருக்கான். வூட்டுக்குள்ள வந்து போன எவனோதான். நீயும் அந்த மாதிரி ஆபீஸ்லதான இருந்த? யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க," என்றேன்.