உள்ளபடியும் புதுசுமாதிரியும்

பழைய இயந்திரங்களை வாங்கி விற்கிறவர்கள் மத்தியில் அவருக்கு ‘உள்ளபடி’ என்று பெயர். இணையத்தில் அவர் போடுகிற விளம்பரம் எல்லாம் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். “உள்ளது உள்ளபடி. கம்ப்ரசர். மோட்டார் நன்றாக ஓடும். டேங்கின் அடியில் துரு உண்டு, படம் பார்க்கவும்.” துருவை மட்டும் கிட்டத்தில் வைத்துத் தனியாக ஒரு படம் எடுத்துப் போடுவார். வாங்க வருகிறவன் குனிந்து பார்த்து, உச்சுக்கொட்டி, அதை வைத்து ஒரு மணி நேரம் பேரம் பேசுவதைவிட நாமே முதலில் சொல்லிவிட்டால் பேச்சு சுருக்கமாக முடியும் என்று நினைத்தார். அந்தக் காலத்தில் பேச்சு சுருக்கமாக முடிவது அவருக்குப் பிடித்திருந்தது.

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக்காக இருந்தவர். அதை மூடியபோது அங்கே கிடந்த பெட்டி தைக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்து, கழற்றி மாட்டி ஓடவைத்தார். மகள்தான் விளம்பரம் போட்டுக் கொடுத்தாள். அது மறுநாளே விற்றுப்போனது. இன்னொன்று வாங்கினார். அதுவும் போனது. அப்படியே அது பிழைப்பாகிவிட்டது.

இப்போது ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மெஷின்கள். ஒரு மூலையில் பலகைத் தடுப்பு வைத்து, அதற்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, முகம் பார்க்க ஒரு கண்ணாடி. முன்பு வீடு என்று ஒன்று இருந்தது. மகளின் பிரசவத்துக்கென்று மனைவி வெளியூர் போனார். பிறகு பேத்திக்குத் தம்பி பிறந்தான். பிறகு மகள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். சண்டை ஒன்றும் இல்லை. போனவர் அங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஒற்றை ஆளுக்கு எதற்கு இத்தனை அறை என்று வீட்டைக் காலி செய்துவிட்டு இவர் கொட்டகைக்கே வந்துவிட்டார். தினமும் மனைவியிடமிருந்து போன் வரும்.

“சாப்டாச்சா?”

“ஆச்சு.”

“மாத்திரை?”

“போட்டாச்சு.”

“சரி, சின்னவன் அழறான். வைக்கிறேன்.”

மற்றபடி நாள் முழுக்க அவர் போன் அடித்துக்கொண்டேதான் இருக்கும். எடுத்தால் யாரும் வணக்கம்கூடச் சொல்வதில்லை. “இருக்கா?” என்பார்கள். இருக்கு என்றால் கடைசி விலை கேட்பார்கள். இல்லை என்றால் பாதிச் சொல்லிலேயே வைத்துவிடுவார்கள். சாயங்காலம் தொண்டை வலிக்கும் அளவுக்குப் பேசியிருப்பார். யாரோடு பேசினோம் என்று யோசித்தால் ஒரு முகமும் தோன்றாது.

ஒரு நாள் காலை, பிறர் போட்ட விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு துளை போடும் மெஷின் கண்ணில் பட்டது. “புதுசு மாதிரி! புதுசு மாதிரி! ஒரே ஆள் ஓட்டியது!” என்று போட்டிருந்தது. படத்தை உற்றுப் பார்த்தார். பின்னால் தெரிவது அவருடைய தடுப்புப் பலகை. ஓரத்தில், நீலச் செருப்புப் போட்ட ஒரு கால். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அதே செருப்பு.

உடனே அந்த எண்ணுக்கு அடித்தார்.

“யோவ், நீ போட்டிருக்கற போட்டோ என்னோடதுய்யா. ஓரத்துல தெரியுற காலும் என் காலு.”

எதிர்முனையில் ஒரு கனத்த குரல், “கால் நல்லாத்தான் இருக்கு. அதையும் சேத்துக் குடுக்கறீங்களா?” என்றது.

உள்ளபடிக்கு வந்த கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாக எப்போது சத்தம் போட்டுச் சிரித்தோம் என்று போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தார். மறுநாள் அந்த விளம்பரத்தில் படம் மாறியிருந்தது. புதுப்படம் மூடுபனிக்குள் எடுத்தது போல மங்கலாக இருந்தது. அதைக் கிண்டல் செய்வதற்காக மறுபடி போன் செய்தார். அப்படித்தான் தொடங்கியது.

அந்த ஆளுக்கு இவர் வைத்த பெயர் ‘புதுசுமாதிரி’. சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் வேறொரு ஊரில் அவருக்கும் ஒரு கொட்டகை. இருவரும் ஒரே சரக்குக்குப் போட்டி போடுகிறவர்கள். ஒருவர் பார்த்து வைத்ததை மற்றவர் தட்டிக்கொண்டு போவார். திட்டுவதற்குப் போன் வரும். திட்டி முடிந்ததும் பேச்சு வேறெங்கோ போகும்.

“அண்ணே, அந்த வெல்டிங் செட்டுக்குப் போயிடாதீங்க. உள்ள காயில் எரிஞ்சு போயிருக்கு. மேல பளபளன்னு பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான்.”

“அது உன்னோட வேலையாச்சே?”

“அதான் பாத்ததும் புரிஞ்சிடுச்சு.”

நாளடைவில் மத்தியானம் என்றால் புதுசுமாதிரியின் போன் என்று ஆகிவிட்டது. வெயிலில் தகரம் கொதிக்கும். வேலை ஓடாது. உள்ளபடி கொட்டகை வாசலில் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து பேசுவார். மோட்டார், பெல்ட், ஏமாற்றியவன், ஏமாந்தவன் என்று போகிற பேச்சு ஒரு நாள் பல்வலியில் நின்றது. இன்னொரு நாள், மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறதா, இறங்கும்போதா என்பதில் நின்றது. வீட்டைப் பற்றிய பேச்சு மட்டும் வந்ததாக உள்ளபடிக்கு நினைவில்லை. புதுசுமாதிரியின் குரலுக்குப் பின்னால் வேறு எந்தச் சத்தமும் கேட்டதில்லை. ஒரு பாத்திரம் விழுகிற சத்தம்கூட. நம்மைப் போல ஒற்றை ஆள்தான் என்று உள்ளபடி நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பதில் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் போன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. இவரே அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. புதுசுமாதிரியின் விளம்பரங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி இணையத்திலிருந்து மறைந்தன. கீழே விழுந்திருப்பாரோ, கரண்ட் பிடித்திருக்குமோ, கொட்டகையில் யாருக்கும் தெரியாமல் கிடக்கிறாரோ என்று என்னென்னவோ தோன்றியது. “இருக்கியா?” என்று ஒரு செய்தி அனுப்பினார். பதிலாக வரிசையாக ஒன்பது பத்து பூனைப் படங்கள் வந்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அது இன்னும் பயத்தைக் கிளப்பியது.

மறுநாள் விடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார். சரக்கு எடுக்க வருகிறவர்களுக்காகப் புதுசுமாதிரி விளம்பரத்தில் போட்டிருந்த அடையாளம் அவருக்கு நினைவிருந்தது. டயர் கடைக்குப் பக்கத்துக் கொட்டகை. போய்ப் பார்த்தால் பூட்டு தொங்கியது. டயர் கடைக்காரர் காற்று அடித்துக்கொண்டே சொன்னார்:

“அவரா? எல்லாத்தையும் மொத்தமா ஒருத்தருக்குக் குடுத்துட்டு மகன் வீட்டோட போய்ட்டாரே. பக்கத்துலதான். அந்தப் பச்சைக் கட்டடம், மூணாவது மாடி.”

“நல்லா இருக்காரா?”

“அவருக்கென்ன? ராஜா மாதிரி இருக்காரு.”

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தது வயதான ஒரு அம்மா. யார் வேண்டும் என்று கேட்டார். சொல்வதற்கு உள்ளபடியிடம் ஒரு பெயர் இல்லை. புதுசுமாதிரியின் நிஜப் பெயர் அவருக்குத் தெரியாது என்பதே அப்போதுதான் உறைத்தது.

“மெஷின் விஷயமா…” என்று இழுத்தார்.

“அந்தத் தொழிலை விட்டாச்சுங்க.”

“உள்ளபடி வந்திருக்கேன்னு சொல்லுங்க. தெரியும்.”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நீங்கதானா அது! மத்தியானம் சாப்பிட வந்தா போனைத் தூக்கிட்டுப் பழைய வீட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவாரு. வீட்ல சத்தமா இருக்காம். இந்த வயசுல மாடியில அப்படி யாருகூடப் பேச்சுன்னு நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். உள்ள வாங்கண்ணே.”

கனத்த குரலை வைத்து ஆள் மலைபோல இருப்பார் என்று நினைத்திருந்தார். கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவர் ஒல்லியாக, குள்ளமாக இருந்தார். நரைத்த முடியில் வண்ண வண்ணமாகக் கிளிப்புகள். பின்னால் ஒரு சிறுமி நின்று அவருக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சோபாவில் இன்னொரு குழந்தை போனைப் பிடித்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணே!” என்று எழப் பார்த்தார் புதுசுமாதிரி. “தாத்தா, அசையாதீங்க!” என்று அதட்டல் வந்ததும் உட்கார்ந்துவிட்டார். “நேர்லயே வந்துட்டீங்களே! ஏதாவது அவசரமா?”

“இல்ல. இந்தப் பக்கம் ஒரு மெஷின் பாக்க வந்தேன்” என்றார் உள்ளபடி. விளம்பரத்தில் ஒரு பொய்கூட எழுதாத மனிதர். “போன் எடுக்கலையே, அதான்.”

“போனா? அது இப்ப இவங்க சொத்து. எனக்கே குடுக்கறதில்ல. உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன்ண்ணே. வீடு மாத்தற அவசரத்துல விட்டுப்போச்சு.”

“பரவால்ல, பரவால்ல.”

டீ வந்தது. உள்ளபடி பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த விஷயங்களைத் தொடங்கினார். ஒரு மரம் இழைக்கும் மெஷின் வாங்கியிருப்பதைச் சொன்னார். புதுசுமாதிரி ஆர்வமாகத்தான் கேட்டார். ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை, தாத்தா இங்கே பார், தாத்தா அங்கே பார் என்று குழந்தைகள் இழுத்தன. பேச்சு நடுவில் அறுந்து நின்றது. எங்கே விட்டோம் என்று அவர் திரும்பக் கேட்கவில்லை.

“நீங்களும் எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டு அண்ணிகிட்ட போயிடுங்கண்ணே” என்றார் கிளம்பும்போது. “எதுக்கு இந்தத் துருவோட மல்லுக்கட்டு?”

அண்ணி இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று உள்ளபடி யோசித்தார். எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். கேட்டு நினைவில் வைத்திருக்கிறார். தான்தான் ஒன்றும் கேட்கவில்லை. படி இறங்கும்போது இருவருமே, போன் பண்றேன் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அந்த மாதமே கொட்டகையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். எல்லோருக்கும் சந்தோஷம். ஒழுகிய குழாயைச் சரி செய்தார். மிக்சியைக் கழற்றி மாட்டினார். கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் விட்டார். பழுது எல்லாம் தீர்ந்த பிறகு சோபாவில் உட்கார்ந்தார். பேரன் வந்து, இது யாரு என்று பாட்டியிடம் கேட்டுவிட்டுப் போனான். அவர்கள் பேசும் எதற்கும் இவருக்கு முன்கதை தெரியவில்லை. சிரித்தால் கூடவே சிரித்தார்.

பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னார்: “உங்க மனசு இங்க இல்ல. போய்ட்டு வாங்க.”

“நீயும் வாயேன். ஒரு நாலு நாள்.”

மனைவி ஒரு சின்னச் சட்டையை மடித்தார். அதைப் பிரித்து மறுபடி மடித்தார். “பாக்கலாம்” என்றார். வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல உள்ளபடிக்கு மனம் வரவில்லை.

திரும்பி வந்ததிலிருந்து அவரிடம் ஒரு புதுப் பழக்கம். விற்ற மெஷினை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவதில்லை. டிரைவர் பக்கத்தில் தானும் ஏறிக்கொள்வார். இறக்கி, நிலை பார்த்து நிறுத்தி, ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவார். இந்தத் தொழிலில் இப்படி ஒரு ஆளா என்று வாங்கியவர்கள் இணையத்தில் பாராட்டி எழுதினார்கள். வியாபாரம் கூடியது.

மரம் இழைக்கும் மெஷினை வாங்கியவர் ஒரு தச்சர். அண்ணனும் தம்பியுமாக நடத்துகிற பட்டறை. ஓட்டிப் பார்த்ததும் சீவல் புஸ்ஸென்று பறந்தது. தம்பியின் தலையெல்லாம் மரத்தூள். அண்ணன் அதைப் பார்த்துச் சிரிக்க, தம்பி ஒரு பிடித் தூளை அள்ளி அண்ணன் மேல் போட்டான். ஓரமாக நின்றிருந்த உள்ளபடியும் சிரித்தார்.

“நல்லா ஓடுதுங்க. நீங்க கிளம்பறதுன்னா கிளம்புங்க, வண்டி காத்துட்டிருக்கு” என்றார் தச்சர்.

“பெல்ட் சூடாகுதான்னு பாக்கணும்” என்றார் உள்ளபடி. “இன்னொரு பலகை இருந்தா குடுங்க.”

தச்சர் தம்பியைப் பார்த்தார். தம்பி உள்ளே போய் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.