கத்திக் கப்பலும் ஏனாமும்

போன வாரம், ஓய்வூதியத்துக்காக நான் உயிரோடு இருப்பதை நிரூபித்தேன். முன்பெல்லாம் அதற்கு ஒரு சான்றிதழ், அதில் ஓர் அதிகாரியின் கையெழுத்து, அவர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை நாம் உட்கார ஒரு பெஞ்சு என்று ஏற்பாடுகள் இருந்தன. இப்போது சேவை மையத்தில் ஒரு கைப்பேசியைப் பார்த்துக் கண் சிமிட்டினால் போதும். நிரூபித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அங்கே வரிசை எண் போட்டுத் தந்த சீட்டைத் தவளையாக மடிக்கப் பார்த்தது. அந்த வழவழப்புத் தாளில் மடிப்பு நிற்கவில்லை. தவளை தாவாமல் படுத்தே கிடந்தது, கிட்டத்தட்ட என்னைப் போல.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தாளுக்கு எலும்பு இருந்தது. காரைக்கால் அலுவலகத்துக்கு வரும் சுற்றறிக்கைகளில் சைக்ளோஸ்டைல் மை வாசனை மூக்கைத் துளைக்கும். அவற்றைப் படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மடித்தவர்கள் இருவர்: நானும், பக்கத்து மேசை ஹமீதும். எனக்குத் தவளைதான். பின்பக்கம் அழுத்தினால் தலைமை எழுத்தரின் வெற்றிலைப் பெட்டி வரை தாவும். ஹமீது மடிப்பதெல்லாம் கத்திக் கப்பல், கத்திக் கப்பல், மறுபடியும் கத்திக் கப்பல்.

"வேற எதுனா செய்யேண்டா" என்றால், "எங்க வாப்பா வழியில எல்லாரும் கப்பல்ல போனவங்க. நம்மால முடிஞ்சது இதுதான் மாப்ள" என்பான்.

எதை மடிப்பதானாலும் முதலில் சதுரம் வேண்டும். அலுவலகத் தாள் நீளமானது. மூலையைக் குறுக்கே மடித்து, அடியில் மிஞ்சும் பட்டையைக் கிழித்துவிட வேண்டும். அற்ப விவரம்தான். என் தலைவிதி அதில்தான் இருந்தது.

புதுச்சேரி அரசு ஊழியனைப் பயமுறுத்தப் பேய் தேவையில்லை, ஏனாம் என்று சொன்னால் போதும். ஆந்திரத்துக்குள் கிடக்கும் அந்த ஊரும் எங்கள் அரசுக்குச் சொந்தம். அங்கே ஓர் இடம் காலி. எங்கள் இருவரில் ஒருவர் போக வேண்டும். ஹமீதின் மனைவிக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. நியாயம் யார் பக்கம் என்பது தெருநாய்க்கும் தெரியும். ஆனால் நியாயம் வேறு, நடைமுறை வேறு. அம்மாவின் முழங்கால் வலியை விதி எண்ணோடு சேர்த்து மாசுமறுவற்ற ஒரு மனு எழுதினேன். ஹமீது எழுதவில்லை.

"ஏண்டா எழுதல?"

"ஒன்னோடத படிச்சேன். படிச்சதும் எனக்கே ஒன் மேல பாவமாப் போச்சு."

பாண்டியிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் முன்னால் இருந்த அடுக்கில் என் மனுதான் மேலே. திடீரென்று பேச்சை நிறுத்தினார்.

"அங்க என்னய்யா, மேசைக்கு அடியில?"

ஹமீது எழுந்தான். "கத்திக் கப்பல்ங்க சார்."

ஏனாமுக்கு ஆள் கிடைத்தாயிற்று என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"கத்திக் கப்பலா! கடைசியில இழுக்குறப்ப எனக்கு எப்பவும் கிழிஞ்சுடும்யா. இங்க வா, காட்டு" என்று அவர் அடுக்கின் மேல்தாளை உருவினார். யாருடைய மனு என்று பார்த்த ஹமீது, "சார், அது..." என்றான். "நகல் இருக்கும்யா" என்று அவரே அடிப்பட்டையைக் கிழித்தார். பட்டையோடு என் கையெழுத்தும் போயிற்று. கையெழுத்தில்லாத மனு மனுவே அல்ல. இதை எத்தனை பேரிடம் எவ்வளவு ருசித்துச் சொல்லியிருப்பேன்!

ஹமீது மடித்தான். இழுக்கும் இடம் வந்தது. தூக்கத்தில்கூட மடிக்கக்கூடியவன் கையில் கப்பல் இரண்டாகக் கிழிந்தது. "ஒனக்கும் கிழியுதேய்யா!" என்று அதிகாரி குதூகலித்தார். அறையே சிரித்தது. ஹமீது மட்டும் சிரிக்கவில்லை.

நகல் என் இழுப்பறையில் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மாலை வரை நேரமும் இருந்தது. சாவியைக் காணவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். சாவி என் சட்டைப்பையில்தான் கிடந்தது.

ஏனாமில் காரம் குறைத்துக் கேட்கும் அளவுக்குத் தெலுங்கு கற்றேன். அம்மாவின் முழங்கால் நான் இல்லாமலேயே சரியாயிற்று. ஹமீதுக்குப் பெண் பிறந்தது, சபீனா.

அவளும் இப்போது அரசு வேலையில்தான் இருக்கிறாள். கைக்குழந்தையோடு இருப்பவளுக்குக் கேரளக் கரையில் இருக்கும் எங்கள் மாஹேவுக்கு மாறுதல். எல்லாம் கணினி, அதுவே கூட்டிக் கழித்து, கூட வேலை பார்ப்பவரின் மனுவை ஏற்று, இவளுடையதைத் தள்ளிவிட்டது. யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று கேட்டு வந்தான் ஹமீது. எல்லா நடைமுறையும் அறிந்த நான் விதிகளைத் துருவித் துருவிப் பார்த்தேன். ஓட்டையே இல்லை.

"பாக்க ஆளே இல்லடா இப்ப" என்றேன்.

"அவ ஆபீசுல ஒன்ன மாதிரி ஒரு கிறுக்கன்கூடவா மாப்ள இல்ல?" என்றான்.

இருக்கலாம். ஆனால் அனுப்பிய மனுவை எழுதியவனே திரும்ப எடுத்துக்கொள்ள அந்தக் கணினியில் வழி வைக்கவில்லை.